பாம்பு இல்லாமல் எழுதப்பட்ட பாம்புப் பெயர்: நாவாட்ல் பெயர்ச் சித்திரங்களைப் படிப்பது எப்படி?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் வாசகர் வட்டத்தில், உலகின் பழைய எழுத்துமுறைகளைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசி வருகிறோம். நடு மெக்சிகோவில் நாவாட்ல் மொழி பேசிய மக்கள், அதாவது பொதுவாக ஆஸ்டெக்குகள் என்று அறியப்படுபவர்களும் அவர்களுடைய அண்டை அயலாரும், மனிதர்களின் பெயர்களைச் சித்திரங்களாக எழுதிய முறையைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அதற்காகப் படித்துக்கொண்டிருக்கையில் ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கிறேன். இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

டெனோச்டிட்லான் நகரை 1427 முதல் 1440 வரை ஆண்ட அரசரின் பெயர் இட்ஸ்கோவாட்ல். இட்ஸ்ட்லி என்பது அப்சிடியன் எனப்படும் கரிய எரிமலைக் கண்ணாடிக்கல்லைக் குறிக்கும். கோவாட்ல் என்பது பாம்பைக் குறிக்கும். ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ள மெண்டோசா சுவடியில், அந்த அரசரின் உருவத்திற்குப் பின்னே ஒரு பாம்பு வரையப்பட்டு, அதன் முதுகு நெடுகிலும் அப்சிடியன் கூர்முனைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒரு மெல்லிய கோடு அந்தப் பாம்பை அரசரோடு இணைக்கிறது. பெயரின் பொருள் தெரிந்தவருக்கு அந்தச் சித்திரத்தில் ஐயமே எழாது.

பாரிசில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தின் வெர்காரா சுவடியிலோ, இதே பெயரைக் கொண்ட வேறொருவருக்குப் பாம்பே வரையப்படவில்லை. அப்சிடியன் முனைகள் கொண்ட ஆயுதம் ஒன்றும், மண்பானை ஒன்றும், நீரும் மட்டுமே காணப்படுகின்றன. இதை எங்கள் வட்டத்தில் காட்டியபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் இது பலிச்சடங்கைக் குறிக்கும் காட்சி என்றும், கத்தியும் கலமும் புனித நீரும் சேர்ந்து அம்மனிதர் கோயில் பணியாளர் என்பதைச் சொல்கின்றன என்றும் விளக்கினார். தலைமுறையாகத் துணி வெளுக்கும் தொழிலில் இருந்த குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பெரியவர், சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடும் வண்ணார் குறியைப் போல இதுவும் ஆளை அடையாளம் காட்டும் ஒரு குறிதான், அதில் வாசிப்பதற்கு ஒன்றுமில்லை என்றார். இரண்டு விளக்கங்களும் எனக்கு நிறைவளிக்கவில்லை. பாம்பு எங்கே போயிற்று? ஒரு சித்திரம் பொருளுக்காக நிற்கிறதா, ஒலிக்காக நிற்கிறதா என்பதை எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்? பெயர்ச் சித்திரத்தை வைத்து அம்மனிதரின் தொழிலையோ குணத்தையோ சொல்ல முடியுமா?


மறுமொழி: ராயபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை

வணக்கம் ஐயா. நீங்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, இந்தத் துறையின் தொடக்கத்திலேயே நிற்கும் எடுத்துக்காட்டு. ஜோசப் மாரியஸ் அலெக்சிஸ் ஓபென் என்ற பிரெஞ்சு அறிஞர், மெக்சிகோவில் அரிய சுவடிகளைத் திரட்டி 1840இல் பிரான்சுக்குக் கொண்டுசென்றவர், இந்தப் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கொண்டுதான் நாவாட்ல் சித்திரங்களில் ஒலிக்குறிகள் உண்டு என்பதை விளக்கினார். அவருடைய ஆய்வு 1849இல் வெளிவரத் தொடங்கியது. நீங்கள் பார்த்த வெர்காரா சுவடியும் அவரிடம் இருந்ததுதான். பின்னர் அவருடைய தொகுப்பு கைமாறி 1898இல் தேசிய நூலகத்திற்குக் கொடையாக வந்தது.

விடை இதுதான். பானைக்கு நாவாட்லில் கோமிட்ல் என்று பெயர். நீருக்கு ஆட்ல் என்று பெயர். அம்மொழியில் பெயர்ச்சொற்கள் தனித்து நிற்கும்போது ட்ல், ட்லி, லி, இன் போன்ற ஈறுகளைப் பெறும். வேறு சொல்லோடு கூடும்போது அந்த ஈறு விழுந்துவிடும். நம் புணர்ச்சி இலக்கணத்தில் மரம் என்பது வேர் என்பதோடு சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் மறைவதை நாம் எப்படி இயல்பாகக் கொள்கிறோமோ, அப்படியே அவர்களுக்கும் அது இயல்பு. எழுதுபவர் கோமிட்லிலிருந்து கோ என்ற முதல் அசையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஆட்ல் என்பதில் ஈறு போக எஞ்சும் ஆ என்பதை எடுத்துக்கொள்கிறார். ஆயுதத்தின் அப்சிடியன் முனை இட்ஸ் என்பதைத் தருகிறது. இட்ஸ், கோ, ஆ. இறுதியில் வரும் ட்ல் என்ற ஈற்றை எழுத வேண்டியதில்லை. படிப்பவர் தாமே சேர்த்துக்கொள்வார். பாம்பு எங்கும் போகவில்லை. அது உருவத்திலிருந்து ஒலிக்கு இடம் மாறியிருக்கிறது.

இங்கே தமிழ் படித்தவர்கள் சட்டென்று கண்டுகொள்ளக்கூடிய ஒரு நுட்பம் இருக்கிறது. கோ என்பதும் ஆ என்பதும் அடுத்தடுத்து வந்தால் நம் நாவில் வகர உடம்படுமெய் தானாகவே தோன்றிக் கோவா என்று ஆகிவிடும். பதினாறாம் நூற்றாண்டில் ரோமன் எழுத்தில் நாவாட்லை எழுதியவர்களில் பலர் இந்தச் சொல்லின் நடுவில் உகரத்தையோ, வகர ஒலிக்குரிய எழுத்துக் கூட்டையோ சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சிலர் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரே பெயரை இரண்டு எழுத்துக்கூட்டலில் கண்டால் இரண்டு பெயர்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

உங்கள் வட்டத்தில் இதை விளக்க ஒரு தமிழ்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கயல்விழி என்ற பெயருக்கு ஒரு கயல்மீனையும் ஒரு கண்ணையும் வரைந்தால், சொல்லின் பொருளும் சித்திரமும் ஒன்றாகவே இருக்கும். மெண்டோசா சுவடியின் பாம்பு அந்த வகை. மீனா என்ற பெயருக்கு ஒரு மீனையும் ஒரு பசுவையும் வரைந்தால், மீன், ஆ என்று ஒலி கிடைக்கும்; அந்தப் பெண்ணுக்கும் பசுவுக்கும் எந்த உறவும் இல்லை. வெர்காரா சுவடியின் பானையும் நீரும் இந்த இரண்டாம் வகை. தமிழ் தெரியாத ஒருவர் மீனையும் பசுவையும் பார்த்து, இவர் மீனவர் வீட்டில் பிறந்து பால் வியாபாரம் செய்தவர் என்று சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது பலிச்சடங்கு விளக்கம். மூத்தவரைக் குறை சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஆஸ்டெக்குகள் என்றாலே பலி என்று பலரும் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தின் சுமை இந்த மக்களின் எழுத்தறிவின் மீதும் விழுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

வண்ணார் குறியைப் பற்றிச் சொன்ன பெரியவரின் கருத்து எளிதில் தள்ளக்கூடியது அன்று. குறிக்கு உரியவரைக் காட்டும் ஆற்றல் இரண்டிலும் உண்டு. ஆனால் சேங்கொட்டைக் குறி எந்த வீட்டுத் துணி என்பதைச் சொல்லுமே தவிர, அந்த வீட்டுக்காரரின் பெயரை வாயால் சொல்ல உதவாது. குறியிட்டவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டுமே அது விளங்கும். நாவாட்ல் பெயர்ச் சித்திரத்தை, அந்த ஆளை ஒருபோதும் பார்த்திராத எழுத்தர் ஒருவர், வேறு ஊரில் இருந்துகொண்டு, உரக்கப் படித்துவிட முடியும்.


மறுமொழி: பெரம்பூர், கல்வெட்டு ஆர்வலர்

அம்மா அவர்கள் பாம்பைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிட்டார். பொருளா ஒலியா என்று எப்படி முடிவு செய்வது என்ற இரண்டாம் கேள்விக்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, இது ஒரு மொழியின் எழுத்து என்பது. சித்திரத்தைப் பார்த்து, இது என்ன பொருள் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயரிட்டால் வேலை அங்கேயே கெட்டுவிடும். இந்தப் பொருளுக்கு நாவாட்லில் என்ன சொல் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு அலோன்சோ டி மோலினா என்ற துறவி 1571இல் அச்சிட்ட அகராதி இன்றும் பயன்படுகிறது. ஒரே பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களைத் தரக்கூடும் என்பதுதான் இதில் உள்ள இடர்ப்பாடு. கேடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இட்ஸ்கோவாட்லுக்கு முன் ஆண்ட அரசர் சிமல்போபோக்கா. புகையும் கேடயம் என்பது அப்பெயரின் பொருள். அவருக்கு ஒரு வட்டக் கேடயமும் அதிலிருந்து சுருண்டு எழும் புகையும் வரையப்பட்டிருக்கும்; அங்கே கேடயம் சிமல் என்று படிக்கப்படும். அதே கேடயம் அப்சிடியன் பற்கள் பதித்த வாளோடு சேர்ந்து வந்தால் போரைக் குறிக்கும். அப்போது யாவோட்ல் என்று படிக்கப்படும். யாவோட்ல் என்பது பகைவர் என்று பொருள்படும் ஆண்பெயர். குடிக்கணக்குகளில் அடிக்கடி வருவது. ஆகவே ஒரு குறி தனியாக நிற்கிறதா, எதனோடு சேர்ந்து நிற்கிறது என்பதைப் பார்க்காமல் படிக்கக் கூடாது.

அடுத்து, எழுதப்பட்டது பெயர் முழுவதுமா என்று கேட்க வேண்டும். மாண்டெசுமா என்று நாம் அறியும் மொடெக்சோமா என்ற பெயருக்கு, தலைவனைப் போலச் சினந்து முகம் சுளிப்பவர் என்பது போன்ற பொருள் சொல்லப்படுகிறது. மெண்டோசா சுவடியில் அப்பெயருக்குச் சினமும் இல்லை, சுளித்த முகமும் இல்லை. பிரபுக்கள் அணியும் கூர்முனை கொண்ட நீலப்பச்சை நிற மணிமுடிதான் இருக்கிறது. பிரபுவைக் குறிக்கும் சொல் டெக்குட்லி. பெயரின் நடுவில் ஒலிக்கும் அந்த ஒரு பகுதியை எழுதியதும் மற்றதைப் படிப்பவர் நிரப்பிக்கொண்டார். அந்தப் பெயருக்கு உரிய அரசர் இன்னார் என்பது அவையில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அது போதுமானதாக இருந்தது. சிற்றூர் உழவர் ஒருவரின் பெயருக்கு அப்படி ஒரு பகுதியை மட்டும் எழுதினால் போதாது. அங்கே கூடுதல் ஒலிக்குறிகள் தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

வெர்காரா சுவடியில் இதைச் சோதித்துப் பார்க்க அருமையான வாய்ப்பு இருக்கிறது. அது டெட்ஸ்கோகோ வட்டாரத்தில் உள்ள டெபெட்லாவோஸ்டோக் என்ற ஊரின் குடிக்கணக்கும் நிலக்கணக்கும் சேர்ந்த ஏடு, 1540களில் எழுதப்பட்டது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூன்று பதிவுகள் உண்டு. முதலாவது வீடுவாரியான ஆள்கணக்கு. இரண்டாவது ஒவ்வொருவரின் வயலின் வடிவத்தையும் பக்க அளவுகளையும் காட்டுவது. மூன்றாவது அந்த வயல்களின் பரப்பளவைக் காட்டுவது. நம் ஊர்களில் சிட்டாவிலும் அடங்கலிலும் ஒரே பட்டாதாரரின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் போல, இங்கே குடும்பத் தலைவரின் பெயர்ச் சித்திரம் மூன்று பதிவுகளிலும் வருகிறது. ஒரே பெயர், ஒரே ஆள், வேறு வேறு பக்கங்கள். ஓரிடத்தில் விடப்பட்ட குறி இன்னோரிடத்தில் சேர்க்கப்பட்டிருந்தால், அது எந்த ஒலியைத் தருகிறது என்பதை ஒப்பிட்டு அறியலாம். ஒரு கல்வெட்டில் சிதைந்த எழுத்தை அதே மெய்க்கீர்த்தி உள்ள வேறு கல்வெட்டைக் கொண்டு நிரப்புகிறோம் அல்லவா, அந்த முறைதான்.

பொருளும் ஒலியும் ஒரே ஏட்டில் எவ்வளவு இயல்பாக அருகருகே இருந்தன என்பதற்கு இரண்டு ஸ்பானியர்களின் பெயர்களைச் சொல்ல விரும்புகிறேன். டெல்லெரியானோ ரெமென்சிஸ் என்ற சுவடியில் பெட்ரோ டி அல்வராடோ என்ற படைத்தலைவர் 1541இல் இறந்த செய்தி வரையப்பட்டிருக்கிறது. அவருக்கு உரிய குறி சூரியன். அவருடைய பொன்னிறத் தலைமுடியைக் கண்டு மக்கள் டொனாட்டியு, அதாவது சூரியன், என்று அவருக்குப் பட்டப்பெயர் இட்டிருந்தார்கள். அதைத்தான் எழுத்தர் எழுதினார். அதே சுவடியில் அரசப் பிரதிநிதி அன்டோனியோ டி மெண்டோசாவுக்குக் கற்றாழை போன்ற மாகே செடியும், மண்ணைக் குடையும் ஒரு சிறு விலங்கும் குறிகளாக வருகின்றன. அச்செடி மெட்ல், அவ்விலங்கு டோசான். மெ, டோசா. மெண்டோசா என்பதில் டகரம் பெறும் அதிர்வொலி, அதாவது ஆங்கில d போன்ற ஒலி, அம்மொழியில் கிடையாது. மெண்டோசா என்பதை அவர்கள் காதில் விழுந்தபடி மெடோசா என்று எழுதினார்கள். அயல்மொழிப் பெயரை நம் எழுத்துக்குள் கொண்டுவரும்போது நாம் படும் பாடு நமக்குத் தெரியும். கேட்டறியாத ஓர் அயல் பெயரை, பழைய குறிகளைக் கொண்டு, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் ஒலிக்காக மட்டும் எழுதிய அந்த எழுத்தரின் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன்.


மறுமொழி: பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. மீனும் பசுவும் எங்கள் வட்டத்தில் நிச்சயம் உதவும். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. சுவடிகளில் சித்திரங்களுக்கு அருகில் ரோமன் எழுத்தில் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதே, அதையே நம்பிச் சித்திரத்தைப் படித்துவிடலாமா? மேலும், பெண்களின் பெயர்களைப் பற்றி நான் படித்ததில் ஒன்றுமே இல்லை. எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.


மறுமொழி: திருவொற்றியூர் வாசகர்

பெண்களின் பெயர்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் உங்கள் முதல் இடுகையின் மூன்றாம் கேள்விக்கும் விடை இருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டின் நாவாட்ல் குடிக்கணக்குகளில் பெண்களுக்கு மிகுதியாக வரும் பெயர்கள் பிறப்பு வரிசையைச் சொல்பவை. டெயாகபான் என்றால் தலைமகள். ட்லாகோ என்றால் நடுமகள். டெய்கு என்றால் தங்கை. ஷோகோ என்றால் கடைக்குட்டி. ஒரே தெருவில் பல டெயாகபான்கள் இருந்திருப்பார்கள். நம் வீடுகளில் பெரியபொண்ணு, சின்னபொண்ணு என்ற பெயர்கள் பள்ளிச் சான்றிதழ்வரை சென்றிருப்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இராது. இத்தகைய பெயரிலிருந்து ஒருவரின் குணத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. அவருக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் பிறந்தார்கள் என்பதைப் பற்றி மட்டும் ஓரளவு ஊகிக்கலாம்.

ஆண்களிடத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. 260 நாட்கள் கொண்ட சடங்கு நாட்காட்டியில் 20 நாட்குறிகளும் 13 எண்களும் இணைந்து சுழன்று வரும். குழந்தைக்குப் பிறந்த நாளின் பெயரை இடும் வழக்கம் இருந்தது. ஒன்று நாணல், ஏழு பூ என்பன போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. எண்ணைப் புள்ளிகளாக இட்டு அருகில் நாட்குறியை வரைவார்கள். ஆனால் அன்றாட வழக்கில் எண்ணை விட்டுவிட்டு நாட்குறியை மட்டும் பெயராக வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். பாம்பு, முயல், கழுகு, மான் ஆகிய எல்லாமே நாட்குறிகள். எனவே 1560இல் எழுதப்பட்ட வெஷோட்சிங்கோ ஊர்க்கணக்கில் ஒருவரின் தலைக்கருகே ஒரு கழுகு மட்டும் இருந்தால், அவர் வீரர் என்றோ கழுகுப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்றோ முடிவு கட்டுவதற்கு முன், கழுகு நாளின் பெயரைத் தாங்கியவராக இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பரணி, ரோகிணி, சுவாதி என்று பெயர் வைத்திருப்பவர்களைப் பார்த்து நாம் வானியலாளர்கள் என்று எண்ணுவதில்லை.

ரோமன் எழுத்துக் குறிப்புகள் பெரும் உதவி. அவை இல்லாவிட்டால் இந்தத் துறை இவ்வளவு தூரம் வந்திருக்காது. சித்திரமும் அதன் வாசிப்பும் ஒரே பக்கத்தில் கிடைத்திருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பது, சிந்துவெளி முத்திரைகளோடு பல ஆண்டுகள் போராடியவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும். ஆனாலும் குறிப்பை எழுதியவர் வேறு, சித்திரத்தை வரைந்தவர் வேறாக இருக்கக்கூடும். குறிப்பில் உயிரெழுத்தின் நெடில் குறில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடு காட்டாமல், புள்ளியும் இடாமல் எழுதப்பட்ட நம் ஓலைச்சுவடிகளைப் படித்தவர்கள் இந்தத் தொல்லையை அறிவார்கள். குறிப்பில் பெயரோடு ட்ஸின் என்ற ஈறு சேர்ந்திருந்தால் அது மதிப்பைக் காட்டுவது. மலின்ட்ஸின், குவாவ்டெமோக்ட்ஸின் என்பவற்றில் உள்ளது அதுதான். நாம் கபிலர், பரணர் என்று அர் விகுதி சேர்ப்பதைப் போல. அந்த ஈறு சித்திரத்தில் எழுதப்படாமல் இருக்கலாம். அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அம்மாவும் ஐயாவும் காட்டிய ஒலிமுறை எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் கையாளப்படவில்லை. அல்போன்சோ லகடேனா 2008இல் வெளியிட்ட கட்டுரையில், டெட்ஸ்கோகோ வட்டாரத்து எழுத்தர்கள், அதிலும் டெபெட்லாவோஸ்டோக் ஏடுகளை எழுதியவர்கள், அசைக்குறிகளை மிக அதிகமாகப் பயன்படுத்தினார்கள் என்றும், டெனோச்டிட்லான் மரபில் வந்த மெண்டோசா சுவடியை மட்டுமே பார்த்ததால்தான் இது முழுமையான எழுத்தாகாது என்ற எண்ணம் அறிஞர்களிடையே நிலைத்தது என்றும் வாதிட்டார். அதற்கு முன்பிருந்த பலர், ரோமன் எழுத்தைக் கற்ற பிறகுதான் ஒலிக்குறிகள் பெருகின என்று கருதினார்கள். இந்த விவாதம் இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஊர்ப்பெயர்களில் பற்களை வரைந்து ட்லான் என்ற இடப்பொருள் ஈற்றையும், கொடியை வரைந்து பான் என்ற ஈற்றையும் எழுதும் வழக்கம் மெண்டோசா சுவடி முழுவதும் பரவிக் கிடப்பதைப் பார்க்கும்போது, ஒலிக்காகப் படம் வரையும் பழக்கம் வெளியிலிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும் ஒரு வட்டாரத்தின் வாசிப்பை இன்னொரு வட்டாரத்தின் ஏட்டில் அப்படியே பொருத்தும்போது கவனம் வேண்டும்.


மறுமொழி: வியாசர்பாடி வாசகர்

அறிஞர்கள் பேசும் இடத்தில் நான் சொல்லப்போவது சிறிய செய்திதான். வட்டத்தில் காட்டுவதற்குப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம். மெண்டோசா சுவடியில் நிறமும் வாசிப்பின் ஒரு பகுதி. நீர்க்குறி நீல நிறத்தில் கோடு கோடாக ஓடி, விளிம்பில் பல கிளைகளாகப் பிரியும். அந்தக் கிளைகளின் நுனியில் வெண்ணிற வட்டத் துளியும் சிறு சங்கும் மாறி மாறி இருக்கும். நிறத்தைப் பறித்துவிட்டால் அது வேரைப் போலவோ இறகைப் போலவோ தோன்றிவிடுகிறது. பெயரை ஆளோடு இணைக்கும் மெல்லிய கோடும் மங்கிப்போய், எந்தக் குறி யாருடையது என்பதே தெரியாமல் போகும். கைப்பேசியிலேயே பெரிதாக்கிக் காட்டுவது இதைவிட நல்லது. ஒரிகன் பல்கலைக்கழகத்தினர் இணையத்தில் வைத்திருக்கும் ஆஸ்டெக் சித்திர எழுத்து அகராதியில் ஒவ்வொரு பெயர்க்குறியும் தனித்தனியாக வெட்டி எடுக்கப்பட்டு, வாசிப்போடும் விளக்கத்தோடும் கிடைக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை.

எனக்கும் ஓர் ஐயம் உண்டு. பல குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது எதை முதலில் படிப்பது? மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா?


மறுமொழி: ராயபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை

நிறத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

நிலையான வாசிப்புத் திசை கிடையாது. குறிகளை இடத்திற்கேற்ப அடுக்கியும் பின்னியும் ஒரே உருவமாக அமைப்பதை அவர்கள் அழகாகக் கருதினார்கள். டெனோச்டிட்லானின் முதல் அரசர் அகமாபிச்ட்லியின் குறியைப் பாருங்கள். ஒரு கை, நாணல் தண்டுகள் சிலவற்றைக் கொத்தாகப் பற்றியிருக்கிறது. கண்ணுக்கு முதலில் படுவது கைதான். ஆனால் பெயர் தொடங்குவது அகா என்று, நாணலைக் குறிக்கும் அகாட்ல் என்ற சொல்லிலிருந்து. அடுத்தே கையைக் குறிக்கும் மா வருகிறது. விரல்கள் மடங்கிப் பற்றியிருக்கும் நிலை எஞ்சிய பகுதியைத் தருகிறது. அதாவது, கை என்ற பொருளும் அது செய்யும் செயலும் தனித்தனியே படிக்கப்படுகின்றன. கடைசி அரசர் குவாவ்டெமோக்கின் குறியில் கழுகு தலைகீழாக இறங்குகிறது. கழுகு என்ற பொருள் குவாவ் என்பதையும், தலைகீழ் நிலை இறங்கினார் என்ற வினையையும் தருகின்றன. நின்றுகொண்டிருக்கும் கழுகை வரைந்திருந்தால் அது வேறொருவரின் பெயராகிவிடும். எனவே உருவங்களை எண்ணினால் மட்டும் போதாது. அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

திசை உதவாதபோது மொழிதான் உதவுகிறது. கிடைத்த ஒலிகளை எந்த வரிசையில் வைத்தால் நாவாட்ல் இலக்கணத்திற்கு ஒத்த சொல் பிறக்கிறதோ அதுவே வரிசை. அடைமொழி முன்னே நிற்கும். அதனால்தான் கல்லும் அதன்மேல் முளைத்த சப்பாத்திக்கள்ளியும் சேர்ந்த குறியை, கீழேயுள்ள கல்லிலிருந்து தொடங்கி டெ, நோச் என்று படித்து, நகரை நிறுவிய தலைவர் டெனோச்சின் பெயரை அடைகிறோம். கல் டெட்ல், கள்ளிப்பழம் நோச்ட்லி. இதே இரண்டு குறிகள் பின்னர் இன்னொரு வேலையும் செய்தன. இலத்தீன் மொழியில் பாட்டெர் நோஸ்டெர் என்று தொடங்கும் வேண்டுதலை மனப்பாடம் செய்ய, மக்கள் கொடிக்குரிய பான்ட்லியையும், கல்லையும், கள்ளிப்பழத்தையும், மீண்டும் கல்லையும் வரிசையாக வரைந்துகொண்டார்கள் என்று அக்காலத் துறவிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். பான், டெ, நோச், டெ. முன்பு ஒரு தலைவரின் பெயருக்குள் பின்னிக் கிடந்த குறிகள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக நின்று, பொருளை அறவே விட்டுவிட்டு, அயல்மொழியின் ஒலியை மட்டும் தாங்குகின்றன.

வண்ணாரப்பேட்டை ஐயா, உங்கள் கூட்டத்தில் டெனோச்சின் குறியையும் இந்த வேண்டுதலையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு வெர்காரா சுவடியின் பானையையும் நீரையும் காட்டினால், பலிச்சடங்கு என்று சொன்ன மூத்தவர் தாமாகவே கோ, ஆ என்று படித்துவிடுவார் என்று நம்புகிறேன்.